தோட்டப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவென்றால் படிப்பு நன்றாக இருக்குமா?

"எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் தரம் 1 முதல் 5 வரை மொத்தமே 40 பிள்ளைகள். வகுப்புக்கு எட்டுப் பேர் என்றால் நல்லதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் மிகவும் நல்லது. ஆனால் பிள்ளைகளின் தொகையைப் பார்த்தே ஆசிரியர்களைத் தருவார்கள் என்பதால், இரண்டு மூன்று பேரே கிடைப்பார்கள். அப்போது வகுப்புகளைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

பாடத்திட்டத்தில் தரம் 1, 2 ஒரு முதன்மை நிலை (ஒரே கற்றல் கட்டம்), தரம் 3, 4 இன்னொன்று, தரம் 5 தனி. அந்த வரிசையில் சேர்த்தால் ஓரளவு சமாளிக்கலாம். நான் படிப்பித்த அறையில் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் தரம் 3இன் பெருக்கல், வலப்பக்கம் தரம் 4இன் வகுத்தல். நான் வலப்பக்கம் நின்றால் இடப்பக்கத்துப் பிள்ளைகள் கையை உயர்த்தியபடியே காத்திருப்பார்கள். தரம் 5க்குப் புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால், ஆசிரியரின் நேரம் அந்தப் பக்கம் போய்விடும். எழுத்துப் பழக வேண்டிய தரம் 1 தவித்துப்போகும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஏன் குறைகிறார்கள்? லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, விட்டுக் குடும்பங்கள் கொழும்புக்குப் போகின்றன. வசதியுள்ளவர்கள் பிள்ளையை ஹட்டன், நுவரெலியா போன்ற டவுன் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். தாய் வெளிநாட்டில் வேலை செய்ய, அம்மாச்சியிடம் வளரும் பிள்ளைகளே பலர் மிஞ்சுகிறார்கள்.

ஆகவே அதிபரிடம் பிள்ளைகளின் தொகையைக் கேட்காதீர்கள். "தரம் 1க்குத் தனி ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேளுங்கள்.