மகள் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 41, தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். போன வருஷம் மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்ததும் ராத்திரியில் கராஜில் உட்கார்ந்து என்னையே வரைய ஆரம்பித்தேன், முடியில்லாத தலை, தழும்பு எல்லாம். கிளென்வுட்டில் ஒரு கேலரியில் 12 படம் வைக்கக் கேட்கிறார்கள். மாமியார், மானம் போகும், கோயிலில் எப்படித் தலைகாட்டுவது என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. 16 வயது மகளுக்குப் பரீட்சை நேரம் என்பதால் வெறும் கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் எட்டிப் பார்த்து இது யாரென்று கேட்டாள், யாரோ ஒரு அம்மா என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். வேறு பெயரில் படங்களை வைக்கலாமா?

பதில்: மாமியாரைத் திட்டி நாலு வரி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இந்த மாதிரிக் கடிதம் எனக்கு நிறைய வருகிறது, பெரும்பாலும் மாமியாரில் தொடங்கி மாமியாரிலேயே முடியும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த "யாரோ ஒரு அம்மா".

ஏம்மா, அந்தப் பிள்ளைக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? மாதக்கணக்கில் தலையில் துணி கட்டிக்கொண்டு, சாப்பாட்டு வாசனைக்கே குமட்டிக்கொண்டு ஒரே வீட்டில் நடமாடியிருக்கிறீர்கள், அவள் எப்போதோ போனில் தேடிப் பார்த்திருப்பாள். அம்மா வாயால் சொல்ல மாட்டாளா என்றுதான் படத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். முன்பின் தெரியாதவர்களுக்குத் தழும்பைக் காட்டத் துணிந்துவிட்டு, பெற்ற பிள்ளை முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

அமெரிக்காவில் ஹன்னா வில்கி என்று ஒரு கலைஞர் இருந்தார். அவருடைய அம்மாவுக்கு இதே நோய் வந்து மார்பை எடுத்தபோது, அம்மாவின் தழும்பையும் தன் நெஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் புகைப்படமாக வைத்தார். அந்த அம்மா மகளைப் பார்க்க விட்டார். பின்னால் ஹன்னாவுக்கே நிணநீர்ப் புற்றுநோய் வந்தபோது மொட்டைத் தலையும் கட்டுமாகத் தன்னையே படமாக்கினார், அதில் கூடவே நின்றவர் கணவர். 1993இல் இறந்துபோனார். உங்கள் கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு 40 வயதில் வந்த நோய் மகளுடைய உடம்புக்கும் சேர்த்துச் சேதி. சில குடும்பங்களில் மரபணு வழியாகவே வரும். அம்மாவுக்கு வந்த வயதுக்கு 10 வருஷம் முன்னாலேயே மகள் பரிசோதனையைத் தொடங்கட்டும் என்றுதான் டாக்டர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்று நாளைக்கு அவளைக் கேட்டால் "கட்டி" என்று சொல்ல வேண்டுமா? பரீட்சை வரும், போகும். இதைச் சொல்வது தாயின் கடமை, வேறு யாரும் செய்ய முடியாது.

மாமியார் விஷயம் சின்னது. நம் ஊரில் காவடியில் அலகு குத்திக்கொள்வதும் மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதும் ஊர் பார்க்கத்தான் நடக்கிறது. உடம்பின் வேதனையை நாலு பேர் முன்னால் வைப்பது நமக்கு என்ன புதிதா? இதை அவரிடம் கேளுங்கள், மரியாதையாகக் கேளுங்கள்.

சரி, பெயர். வருகிற சனிக்கிழமை பகலில் மகளைக் கராஜுக்குக் கூட்டிப்போய் 12 படத்தையும் வரிசையாக வைத்து, எது எப்போது வரைந்தது, அன்றைக்கு என்ன வலி என்று சொல்லுங்கள். அழுதால் அழட்டும். இது மட்டும் வேண்டாம்மா என்று அவள் எதையாவது சொன்னால் அதைக் கேலரிக்குக் கொடுக்காதீர்கள். மற்றதுக்கெல்லாம் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள், கணவர் வீட்டுப் பெயரையும் சேர்த்தே.