டிரம்ஸுக்குப் பின்னால் உள்ள இருக்கை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

கனடாவின் ரொக் இசைக்குழுவான ரஷ் வரும் 2026 ஜூன் 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸில் தன் புதிய இசைப்பயணத்தைத் தொடங்குகிறது. மறைந்த டிரம்ஸ் கலைஞர் நீல் பீர்ட் இல்லாமல், ஒரு ஜெர்மன் பெண்ணை டிரம்ஸில் இருத்திக்கொண்டு. 2015 ஜூன் மாதம் ரொறொன்ரோவில் அவர்களை மூவராகப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இது துரோகமாகப் படுகிறது. 72 வயதில் இவர்களுக்கு இன்னும் என்ன பணத்தேவை? நுழைவுச்சீட்டின் விலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் ரொறொன்ரோ நிகழ்ச்சிக்கு ஒரு சீட்டு வாங்கிவிட்டேன். டிரம்ஸ் பழகுகிற என் மகன் தானும் வருவதாகக் கேட்டான். இது உனக்கானது அல்ல என்று சொல்லிவிட்டேன். நான் போகலாமா, சீட்டை விற்றுவிடலாமா? போனால் பழைய இருவரையும் மட்டும் பார்த்துவிட்டு, டிரம்ஸ் தனியாக ஒலிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

வ., மிசிசாகா

அன்புள்ள வ.,

சீட்டின் விலை பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. விலை அநியாயம் என்று எழுதிய அதே பந்தியில் சீட்டை வாங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது. 72 வயதில் ஏன் போகிறார்கள் என்ற கேள்வியையும் விட்டுவிடுகிறேன். உங்களைவிட அந்த வயதுக்கு நெருக்கமாக இருப்பவன் நான். இந்த வயதில் ஒரு மனிதனை யாராவது ஒரு வேலைக்குக் கூப்பிட்டால் அவன் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே சட்டையை மாட்டிக்கொள்வான்.

ஆனால் ‘துரோகம்’ என்ற சொல்லை என்னால் விடமுடியவில்லை. அவர்கள் யாருக்குத் துரோகம் செய்தார்கள்? பீர்டுக்கா, உங்களுக்கா? பீர்டுக்கு என்றால், அதைச் சொல்லும் உரிமை உங்களைவிட அதிகமாக அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் உண்டு. அவர்கள் இருவரும் இந்தப் பயணத்தை வாழ்த்தி வெளிப்படையாக அறிக்கை விட்டிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

இன்னொன்றையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். நீல் பீர்ட் அந்த இருக்கையின் முதல் சொந்தக்காரர் அல்லர். குழுவின் மற்ற இருவரான கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் ரொறொன்ரோவின் வடக்கே வில்லோடேலில் ஒன்றாகப் படித்த பையன்கள். ஒருவர் நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பி வந்த யூதப் பெற்றோரின் மகன், மற்றவர் சேர்பியாவிலிருந்து குடிபெயர்ந்தவர்களின் மகன். (அகதிப் பிள்ளைகளின் இசையை நம் வீடுகளில் ‘வெள்ளைக்காரச் சத்தம்’ என்று ஒதுக்கிவைத்தது எவ்வளவு வேடிக்கை.) அவர்களோடு முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தவர் ஜோன் ரட்ஸி. உடல்நிலை காரணமாக அவர் விலக, அமெரிக்கப் பயணம் தொடங்க இரண்டு வாரங்கள் மட்டுமே இருந்தபோது, செயின்ட் கத்தரின்ஸில் தகப்பனாரின் விவசாய இயந்திர உதிரிப்பாகக் கடையில் வேலைபார்த்துக்கொண்டிருந்த ஓர் உயரமான இளைஞர் வந்து சேர்ந்தார். அது 1974 ஜூலை 29, கெடி லீயின் 21ஆவது பிறந்தநாள். ஓகஸ்ட் 14 அன்று பிட்ஸ்பர்க்கில், யூரையா ஹீப் என்ற பிரித்தானிய ரொக் குழுவின் நிகழ்ச்சிக்கு முன்னதாக, 11,000க்கு மேற்பட்டவர்கள் நிறைந்த அரங்கில் அவர் தன் முதல் நிகழ்ச்சியை வாசித்தார். அன்று அந்தக் கூட்டத்தில் ரட்ஸியின் ரசிகர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவரை நீங்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பீர்கள்?

பீர்டின் வாழ்வில் எனக்கு மிகப் பெரியதாகப் படுவது வேறொன்று. 1990களின் நடுவில், உலகின் தலைசிறந்த ரொக் டிரம்ஸ் கலைஞர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பின்பு, நாற்பது வயதைக் கடந்த அந்த மனிதர் ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஜாஸ் ஆசிரியரிடம் மாணவராகப் போனார். குச்சியைப் பிடிக்கும் முறையையே மாற்றிக்கொண்டு, பழகிய கையை மறக்கவைத்து, நாள்தோறும் பயிற்சி செய்தார். தான் அமர்ந்திருந்த இடம் தனக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது என்று நினைக்கிறவர் அப்படிச் செய்யமாட்டார். 1997 ஓகஸ்டில் மகளைக் கார் விபத்திலும், பத்து மாதங்கள் கழித்து மனைவியைப் புற்றுநோயிலும் இழந்தபோது, தன்னை ஓய்வுபெற்றவனாகவே கருதும்படி நண்பர்களிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறத்தாழ 88,000 கிலோமீற்றர் அலைந்தார். மற்ற இருவரும் வேறு ஆளைத் தேடவில்லை, காத்திருந்தார்கள். 2001இல் அவர் திரும்பி வந்தார். 2020 ஜனவரியில் மூளைப் புற்றுநோயால் அவர் இறந்த பின்பும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரு பயணத்தையும் அறிவிக்காமல் இருந்தவர்கள் இவர்கள். அவசரப்பட்டார்கள் என்று உங்களால்கூடச் சொல்லமுடியாது.

நான் இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. ஸ்காபரோவில் எங்களுக்கு ஒரு கூத்துக் குழு இருந்தது. பகலில் தொழிற்சாலையிலும் இரவில் உணவகச் சமையலறைகளிலும் வேலைசெய்த பதினொரு பேர், ஒரு பாடசாலையின் சிறு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் ஆடிப் பழகினோம். எங்களுக்குக் கூத்துப் பழக்கிய அண்ணாவியார் ஊரிலிருந்து தன் உடுப்புகளைக் குறைத்துக்கொண்டு மத்தளத்தைக் கொண்டுவந்தவர். 2003 மாசியில் அவர் போய்விட்டார். அவரிடம் நான்கு வருடங்கள் மத்தளம் பழகிய ஒரு பிள்ளை, அப்போது அவளுக்கு 19 வயது, அடுத்த கூத்துக்குத் தான் வாசிக்கட்டுமா என்று எங்களிடம் கேட்டாள். நாங்கள் மிகவும் அன்பாகத்தான் மறுத்தோம். ‘அது அவருடைய இடம், பிள்ளை’ என்று சொன்னவன் நான். அண்ணாவியாரின் மனைவியோ மத்தளத்தைத் தானே சுமந்து வந்து, ‘இதை வைத்து ஆடுங்கோ’ என்று மேடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நாங்கள் ஆடவில்லை. அவருக்கு மரியாதை செய்வதாக எண்ணி, ஒரு நினைவுக்கூட்டம் நடத்தி, அவருடைய படத்துக்கு மாலை போட்டுக் குழுவைக் கலைத்தோம். மத்தளம் என் வீட்டு நிலவறையில், வெப்ப உலைக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டாவது குளிர்காலத்தில் நான் அதை எடுத்துப் பார்த்தபோது வலந்தலைத் தோல் காய்ந்து வெடித்திருந்தது. அந்தப் பிள்ளை அதன் பிறகு எந்த மேடையிலும் வாசித்ததாக நான் கேள்விப்படவில்லை.

எனவே என் கோபத்தில் பாதி உங்கள் மீதானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பாதி உங்களுக்கே உரியது. அனிகா நில்லெஸைப் பெயர் சொல்லக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. ‘ஒரு ஜெர்மன் பெண்’ என்று எழுதியிருக்கிறீர்கள். 2022இல் பிரித்தானிய கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் தன்னுடன் பயணத்துக்கு அழைத்துச்சென்ற கலைஞர் அவர். பீர்ட் தன் வாசிப்பை அந்தந்த இரவின் மனநிலைக்கு விட்டுவிடாமல், ஒவ்வொரு அடியையும் ஒரு தாளக்கட்டுப்போல யோசித்து அமைத்து, இசைத்தட்டில் உள்ளதை மேடையில் அப்படியே நிறைவேற்றுவதில் பிடிவாதமாக இருந்தவர். அதனால்தான் ரஷ் அரங்குகளில் ஆயிரக்கணக்கானோர் வெறுங்கையால் காற்றில் ஒரே நேரத்தில் டிரம்ஸ் அடிக்கிறார்கள், நீங்களும் அடித்திருப்பீர்கள். ஒவ்வொரு அடியையும் மனப்பாடமாக அறிந்த அந்தக் கூட்டத்தின் முன்னால், அதுவும் 2015 ஓகஸ்ட் 1 அன்று பீர்ட் கடைசியாக வாசித்த அதே லொஸ் ஏஞ்சல்ஸ் அரங்கில், முதல் இரவிலேயே அமர்வதற்கு ஒருவருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைசி இரவின் முடிவில், டிரம்ஸுக்குப் பின்னாலேயே நின்று விடைபெறுவதை வழக்கமாகக் கொண்டிருந்த பீர்ட், எழுந்து முன்னே வந்து நண்பர்கள் இருவரையும் அணைத்துக்கொண்டார். அவர் எழுந்து வந்துவிட்ட இருக்கையைத்தான் நீங்கள் இப்போது காவல் காக்கிறீர்கள்.

போகலாமா, விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூடிக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் சீட்டை விற்கவேண்டாம், மகனிடம் கொடுத்துவிடுங்கள். அவன் டிரம்ஸ் பழகுகிறவன். அந்தப் பெண்ணின் கைகளையும் கால்களையும் விட்டு இரண்டரை மணிநேரம் கண்ணை எடுக்கமாட்டான். நிகழ்ச்சி முடியும்போது நீங்கள் காரோடு வெளியே நில்லுங்கள்.

அன்புடன்.