சுருக்கிச் சொல்ல முடியாத புத்தகங்கள்

"நாவல் படிப்பது நேர விரயம், கட்டுரை நூல்களைப் படித்தால் எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்கிறார்கள். இன்றைக்குக் கதைகளுக்கு என்ன இடம் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு வருடங்களாகப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன், பிரதிகளைச் செம்மையும் செய்கிறேன். இரண்டு வகைப் புத்தகங்களையும் வரி வரியாகப் படிப்பதுதான் என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன்.

கட்டுரை நூல்களைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒரு நல்ல வரலாற்று நூலுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரியும். ஆனால் சுயமுன்னேற்றம், மேலாண்மை என்று வருகிற பிரதிகள் பலவற்றில் மூன்றாவது அத்தியாயத்திலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கங்கள் எல்லாம் அதற்கான உதாரணங்கள். அதனால்தான் அவற்றைப் பதினைந்து நிமிடச் சுருக்கமாகத் தரும் செயலிகளுக்கு இத்தனை மவுசு. ஒரு நாவலை அப்படிச் சுருக்கிப் பாருங்கள். என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். படித்த மாதிரி இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஒரு புது எழுத்தாளரின் நாவல் என்னிடம் வந்தது. கணவர் இறந்து மூன்றாம் நாள் இரவு, மனைவி படுக்கப் போகுமுன் வழக்கம்போல இரண்டு கைபேசிகளையும் சார்ஜில் போடுகிறாள். அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. அடுத்த வரியில் ஆசிரியர், 'அவரது இழப்பை அவள் மனம் இன்னும் ஏற்கவில்லை' என்று எழுதியிருந்தார். அந்த வரியை நீக்கலாமா என்று ஓரத்தில் குறித்து அனுப்பினேன். நீக்கிவிட்டார். துக்கத்தைப் பற்றி உளவியல் நூல்கள் சொல்வதெல்லாம் அந்த நீக்கிய வரியில் இருந்தது, அது உண்மையும்கூட. ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது சார்ஜர் வரியில்தான். அவள் கையோடு சேர்ந்து என் கையும் அந்த இரண்டாவது வயரைச் செருகியது. இந்த ஒன்றுக்காகத்தான் நான் கதை படிக்கிறேன்.

கதை படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடும் என்று ஆராய்ச்சியே சொல்கிறது என்பார்கள். 2013இல் சயன்ஸ் இதழில் கிட், கஸ்டானோ என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வு அது. இலக்கியத் தரமான சிறு பகுதிகளைப் படித்தவர்கள், கண்களைப் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். பிறகு வேறு குழுக்கள் அதையே திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆகவே அதை ஆதாரமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. பயன் என்று நிரூபித்தால்தான் கதைக்கு இடம் என்பதையே நான் ஏற்கவில்லை.

சரி, பதிப்புத் தொழிலில்? அங்கே கதைதான் பெரும்பாலும் முன்னால் போய் வழி திறந்திருக்கிறது. 1836இல் ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் முதல் நாவல் மாதம் ஒரு பகுதியாக வரத் தொடங்கியது. முழுப் புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்களும் அப்படித்தான் நாவலுக்குள் வந்தார்கள். 1935இல் இங்கிலாந்தில் பெங்குவின் பதிப்பகம் மலிவுப் பதிப்புகளைத் தொடங்கியபோது முதல் பத்துப் புத்தகங்களில் பெரும்பாலானவை நாவல்கள். 2007இல் கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவி வந்த பிறகு மின்னூலுக்கு வேகமாக மாறியவர்களில் காதல் கதை, துப்பறியும் கதை வாசகர்கள் முன்வரிசை. அப்புறம் ஒலிநூல், இணையத் தொடர் என்று கதை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனாலும் புது நாவலாசிரியருக்கு நிலைமை கடினம்தான். கட்டுரை நூலென்றால் திட்டக் குறிப்பும் ஒன்றிரண்டு மாதிரி அத்தியாயங்களும் போதும், பதிப்பாளர் ஒப்பந்தம் போட்டுவிடலாம். யார் வாங்குவார்கள் என்று தலைப்பை வைத்தே ஓரளவு கணிக்க முடியும். முதல் நாவலுக்கு அப்படி இல்லை. முழுதாக எழுதி முடித்துத்தான் கொண்டுபோக வேண்டும், அதன் பிறகும் விற்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் எழுதியதைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்கள்மீது பெரிய மரியாதை உண்டு.

நேரம் இல்லை என்பது உங்கள் கவலை என்றால், நூறு பக்கக் குறுநாவல் ஒன்றை எடுங்கள். கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரே அமர்வில் படியுங்கள். முப்பது பக்கம் போயும் பிடிக்கவில்லையென்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம், மூடிவிட்டு இன்னொன்றைத் திறங்கள்.