வான்ஸ்டெட் மாளிகை – கேள்வி பதில்

லண்டனுக்குக் கிழக்கே, 1820-களில் இடிக்கப்பட்ட வான்ஸ்டெட் மாளிகையைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணத்தில் கட்டியதா?

பதில்: ஆமாம், முதல் பணம் அங்கிருந்துதான். பின்னாளில் லண்டனில் கம்பெனியின் தலைவராக, அதாவது கவர்னராக ஆன ஜோசையா சைல்டு 1673-ல் இந்த எஸ்டேட்டை வாங்கி, வால்நட் மரங்கள் நட்டு, மீன் குளங்கள் வெட்டினார். 1688-ல் மதராஸில் மாநகராட்சி வந்ததே இவர் யோசனையால்தான், சென்னைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள். மாளிகையைக் கட்டியது மகன் ரிச்சர்டு, 1715 வாக்கில் ஆரம்பித்தார்.

கேள்வி: கட்டடத்தில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: நிறைய! வரைந்தவர் காலன் கேம்பல். சுமார் 260 அடி நீள முகப்பு, முழுக்க போர்ட்லண்ட் கல் என்கிற வெளிர் சுண்ணாம்புக்கல், நடுவில் உச்சியில் இலை வேலைப்பாடுள்ள ஆறு கொரிந்தியன் தூண்கள், அவற்றின் தலையில் முக்கோண முகடு. ரோமானியக் கோயிலின் வாசலை அப்படியே ஒரு வீட்டுக்கு வைத்தார், இங்கிலாந்தில் அதை இவ்வளவு பெரிதாக அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. தரைத்தளம் வேலைக்காரர்களுக்கும் சாமான்களுக்கும். விருந்தாளிகள் வெளிப் படிக்கட்டில் ஏறி, தூண்களுக்கு நடுவே புகுந்து, நேரே மேல்தளத்துக் கூடத்துக்குப் போய்விடுவார்கள். யார்க்‌ஷயரில் உள்ள வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் என்ற மாளிகையின் கிழக்கு முகப்பு இதைப் பார்த்து வந்தது, அது இன்றும் நிற்கிறது, படத்தைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே எப்படி இருந்ததென்று தெரியுமா?

பதில்: ஹோகார்த் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது, குடும்பமும் விருந்தாளிகளும் சீட்டாடுவதும் தேநீர் குடிப்பதுமாக. இப்போது ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் உள்ளது.

கேள்வி: தீ விபத்தா? எப்படி அழிந்தது?

பதில்: தீயுமில்லை, போருமில்லை. கடன். வாரிசான கேத்தரின் டில்னி-லாங் 1812-ல் வில்லியம் போல்-வெல்லஸ்லியை மணந்தார். அவர் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் பிரபுவின் அண்ணன் மகன், தண்ணீராய்ச் செலவழித்தவர். 1822-ல் வீட்டுச் சாமான்களை மட்டும் 32 நாள் ஏலம் போட்டார்கள்! அப்புறம் கட்டடத்தையே கல்லுக்கும் மரத்துக்குமாக 10,000 பவுண்டுக்கு விற்று இடித்தார்கள். கட்ட ஆன செலவு 3,60,000 பவுண்டு என்று அந்தக் காலத்தில் பேச்சு. கேத்தரின் 1825-ல் இறந்துபோனார். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

கேள்வி: இப்போது போனால் ஏதாவது பார்க்கலாமா?

பதில்: மாளிகை இருந்த இடம் கோல்ஃப் மைதானம். தோட்டத்தின் பெரும்பகுதி 1882 முதல் பொதுப் பூங்கா. ஏரிக்கரையில் செயற்கைக் குகை மண்டபத்தின் முகப்பும், டெம்பிள் என்கிற சின்னக் கட்டடமும் மிச்சம். பக்கத்து செயின்ட் மேரி தேவாலயத்தில் ஜோசையாவின் பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.