எம்டனும் பாட் எம்ஸும்

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் கோப்லென்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். பக்கத்தில் பாட் எம்ஸ் என்ற ஊருக்குப் போய் போட்டோ அனுப்பியிருந்தான். ஆற்றங்கரை முழுக்க அரண்மனை மாதிரி கட்டடங்கள். நம் துறைமுகத்தில் குண்டு போட்ட எம்டன் கப்பலுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா? அடுத்த வருடம் நானும் போகிறேன். அங்கே என்ன பார்க்கலாம்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: சம்பந்தம் இல்லை அம்மா. ஆனால் வடசென்னைக்காரர் யாருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். 1914 செப்டம்பர் 22 இரவு பர்மா ஆயில் கம்பெனி டாங்குகள் பற்றி எரிந்த கதையை ராயபுரத்தில் என் பாட்டி சொல்லித்தான் நான் வளர்ந்தேன். அந்தக் கப்பலுக்குப் பெயர் தந்த எம்டன், எம்ஸ் என்ற ஆறு வடகடலில் சேரும் இடத்தில் உள்ள துறைமுகம். உங்கள் மகன் போன பாட் எம்ஸ் அங்கிருந்து வெகு தெற்கே, லான் என்ற வேறொரு ஆற்றின் கரையில் இருக்கிறது. கோப்லென்ஸுக்குச் சற்றுத் தெற்கே லான் ரைன் நதியில் கலக்கிறது.

வடக்கே வெஸ்டர்வால்ட் மலை, தெற்கே டவுனஸ் மலை, நடுவில் குறுகிய பள்ளத்தாக்கு. பாறைப் பிளவுகள் வழியே ஆழத்தில் இருந்து வெந்நீர் மேலே வருகிறது. ஓர் ஊற்றில் 57 டிகிரி சூடு. உப்பும் கரியமில வாயுவும் கலந்த அந்த நீரைத் தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நல்லதென்று குடித்தார்கள். ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தாயெவ்ஸ்கி நுரையீரல் நோவுக்காக 1874 முதல் நான்கு முறை வந்து குடித்திருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன். அதனால் இந்த ஊர் என்றாலே எனக்கு இரண்டு சம்பவங்கள்தான் நினைவுக்கு வரும்.

முதலாவது 1870. அன்றைய ஜெர்மன் நாடுகளில் பெரியது பிரஷ்யா. ஓய்வுக்கு வந்திருந்த அதன் மன்னர் முதலாம் வில்ஹெல்மை, ஜூலை 13 காலை நடைபாதையில் பிரெஞ்சுத் தூதர் பெனெடெட்டி சந்தித்தார். ஸ்பெயின் அரியணைக்கு உங்கள் வம்சத்தார் இனி ஒருபோதும் போட்டியிட மாட்டார்கள் என்று உறுதி கொடுங்கள் என்று கேட்டார். மன்னர் மரியாதையாகவே மறுத்தார். அந்தச் செய்தி தந்தியாக பெர்லினுக்குப் போனது. பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் அதைச் சுருக்கி, இரண்டு தரப்புக்கும் அவமானம் போலத் தெரியும்படி பத்திரிகைக்குக் கொடுத்தார். ஆறே நாளில் பிரான்ஸ் போர் அறிவித்தது. அந்தப் போரில் ஜெர்மன் நாடுகள் பிரஷ்யாவின் தலைமையில் ஒன்றுசேர, அடுத்த ஜனவரியில் ஜெர்மன் பேரரசே பிறந்துவிட்டது. மன்னரும் தூதரும் சந்தித்த இடத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். அதை அவசியம் பாருங்கள்.

இரண்டாவதை அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம். 1876 மே மாதம், இதே ஊரில் தங்கியிருந்த ரஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாண்டர் ஓர் ஆணையில் கையெழுத்துப் போட்டார். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது, வெளிநாட்டில் அச்சிட்டதையும் கொண்டுவரக் கூடாது, நாடகம் போடக் கூடாது, இசைத்தாளில் பாட்டின் வரிகளைக்கூட அச்சிடக் கூடாது. பழைய ஆவணங்களுக்கும் சில இலக்கியங்களுக்கும் மட்டும் கொஞ்சம் விலக்கு. பின்னால் சற்றுத் தளர்த்தினாலும், 1905 வரை அந்தத் தடையின் பிடி இருந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தாய்மொழியில் பாடப்புத்தகம் இல்லாமல் வளர்ந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வருகிறது. அதே 1876-ல் திறந்த ரஷ்யத் தேவாலயம் இன்றும் ஆற்றங்கரையில் நிற்கிறது. நீலக் குவிமாடத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.

ஐரோப்பாவின் மாபெரும் நீரூற்று நகரங்கள் என்று 11 ஊர்களை யுனெஸ்கோ 2021-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாட் எம்ஸ் அதில் ஒன்று. கிரேன்ஷென் ஊற்று நீரைக் கொஞ்சம் வாங்கிக் குடித்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக உப்புக் கரிக்கும். ரத்தக்கொதிப்பு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். கோப்லென்ஸில் இருந்து ரயிலிலேயே போங்கள். பாதை லான் ஓரமாகவே போகிறது, ஆற்றுப் பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தால் நல்லது.