படமே எடுக்கவில்லை, திரைக்கதை எப்படி எழுதுவது?

கேள்வி: மூடப்படவிருக்கும் பழைய அச்சகம் ஒன்றைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுக்கப்போகிறேன். நிதி தருபவர்கள் திரைக்கதை கேட்கிறார்கள். இன்னும் நடக்காததை எப்படி எழுதுவது? அதையே விஆர் ஹெட்செட்டில் பார்க்கிற 360 டிகிரி படமாகவும் செய்ய ஆசை. இரண்டுக்கும் ஒரே திரைக்கதை போதுமா?

பதில்: அவர்கள் வசனம் எழுதிய திரைக்கதையை எதிர்பார்க்க மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது ‘ட்ரீட்மென்ட்’. சில பக்கங்கள், நிகழ்காலத்தில் எழுதியது. யார், எங்கே, என்ன சிக்கல் என்று அதில் தெரிய வேண்டும். ‘ஓர் அச்சகத்தின் வரலாறு’ என்பது வெறும் தலைப்பு. ‘கடைசி ஆர்டரை முடிப்பதற்குள் இயந்திரம் கைமாறிவிடுமா?’ என்று கேட்டால் அதில் கதை இருக்கிறது.

நடக்காததை எதிர்பார்ப்பாகவே எழுதுங்கள். ‘இயந்திரத்துக்கு விலை பேச ஆள் வரும் நாளில் கேமராவோடு உடனிருப்போம்’ என்று எழுதலாம். ‘உரிமையாளர் கண்கலங்குகிறார்’ என்று எழுதாதீர்கள். எழுதிவிட்டால் படப்பிடிப்பில் அந்தக் கண்ணீருக்காகக் காத்திருப்பீர்கள். அப்புறம் அதை வரவழைக்கிற கேள்விகளாகத் தேடிக் கேட்பீர்கள்.

உண்மையான திரைக்கதை, படம் பிடித்த பிறகுதான் பிறக்கிறது. பேட்டிகளைச் சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து, ஒவ்வொரு பத்திக்கும் டைம்கோட் (பதிவில் அந்தப் பேச்சு வரும் நேரம்) போட்டு, அச்செடுத்துக் கத்தரித்துத் தரையில் பரப்பி அடுக்குங்கள். இதற்குப் பெயர் ‘பேப்பர் எடிட்’. சலிப்பான வேலைதான், ஆனால் எடிட்டிங் அறையில் வீணாகும் நாட்களை மிச்சப்படுத்தும். முதலில் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துங்கள், பேட்டிகளை அதற்குள் செருகுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் படம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அந்த வரிசையை இரண்டு பத்திகளாக எழுதுங்கள்: இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி. பின்னணி உரையைக் கடைசியில் எழுதினால் போதும். அச்சுக் கோக்கும் கம்பாசிட்டரின் விரல்கள் ஈய எழுத்துகளைப் பொறுக்கும் காட்சி இடப்பக்கம் இருக்கிறது என்று வையுங்கள். வலப்பக்கம் ‘இவர் எழுத்துகளைக் கோக்கிறார்’ என்று எழுதினால் வீண். அதுதான் கண்ணுக்கே தெரிகிறதே. ‘இயந்திரத்தை வாங்க ஆள் கிடைத்துவிட்டது, பழைய இரும்பு விலைக்கு’ என்று எழுதிப் பாருங்கள். அதே விரல்கள் வேறு மாதிரித் தெரியும். எழுதியதைக் காட்சியை ஓடவிட்டு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கினால் பாதியை வெட்டுங்கள்.

சரி, 360 டிகிரிக்கு வருவோம். அதற்குத் தனித் திரைக்கதைதான் வேண்டும். க்ளோஸப் என்ற ஆயுதம் அங்கே அநேகமாகக் கையில் இருக்காது. ஹெட்செட் ஒரு நேரத்தில் காட்டுவது சுமார் 90 முதல் 110 டிகிரிதான். முதுகுக்குப் பின்னால் நடப்பது, திரும்பினால்தான் தெரியும். எனவே பக்கத்தின் மேலேயே எழுதுங்கள்: பார்வையாளர் யார், எங்கே நிற்கிறார், கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. கேமராவின் உயரம்தான் அவருடைய உயரம். அதன் கீழே முன், பின், இடம், வலம் என்று நான்கு பத்திகள், ஐந்தாவதாக ஒலி.

ஒலிதான் அங்கே இயக்குநர். உதாரணத்துக்கு: முதல் பத்துப் பதினைந்து விநாடி முக்கியமாக எதுவும் நடக்கவில்லை, பார்வையாளர் சுற்றிப் பார்க்கிறார். பின்னாலிருந்து இயந்திரம் ஓடத் தொடங்கும் சத்தம். திரும்புகிறார். அவர் திரும்பி முடிக்க அவகாசம் கொடுத்து, அதன் பிறகே கம்பாசிட்டர் வாய் திறக்கிறார். ஆட்களைக் கேமராவுக்கு ஒரு மீட்டருக்குள் நிறுத்தாதீர்கள். 360 டிகிரி கேமராவின் பல லென்ஸ்கள் எடுத்த காட்சிகளை ஒட்டும் இடத்தில் முகம் பிளந்து தெரியும். நீங்களும் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். சுவரில் தொங்கும் ரசீது, வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியல் எல்லாமே படத்தில் விழும் என்பதையும் மறக்காதீர்கள்.

20 நிமிடத்தையும் ஹெட்செட்டுக்குள் திணிக்க வேண்டாம். ஜோர்டானின் ஸாதரி அகதி முகாமை ஒரு சிறுமியின் குரலில் காட்டிய ‘கிளவுட்ஸ் ஓவர் சிட்ரா’ (2015) என்ற விஆர் படம் பத்து நிமிடம்கூட இல்லை. உங்களுக்கு, இயந்திரங்கள் ஓடும் ஒரு வேலை நாள் போதும். அந்த இடத்தில் நிற்கிற அனுபவம் அதில் இருக்கிறது. விலை பேசும் காட்சி முகங்களை நம்பி நிற்பது, அதைச் சாதாரணப் படத்திலேயே விடுங்கள். விண்ணப்பத்தில் 360 டிகிரிப் பகுதியைத் தனி இணைப்பாக, தனி பட்ஜெட்டோடு வையுங்கள். அதற்குப் பணம் கிடைக்காவிட்டாலும் ஆவணப்படம் நின்றுபோகாது.