இரு வண்ண எஞ்சின்: வாசகர் ஐயங்கள்

கே: காரைக்குடி சந்திப்பில் பார்க்கும் டபிள்யூ.ஏ.பி.-7 மின்சார ரயில் எஞ்சினைப் போல, என் மாடல் எஞ்சினின் வெள்ளை உடலில் சிவப்புப் பட்டை அடிக்க வேண்டும். எந்த நிறம் முதலில்?

ப: வெள்ளைதான். சிவப்பின்மேல் வெள்ளை அடித்தால் எத்தனை பூச்சு ஏற்றினாலும் ரோஸ் சாயல் எட்டிப் பார்க்கும்.

கே: சிவப்பு படாமலிருக்க வெள்ளையின்மேல் ஒட்டிய டேப்பை உரித்தால் பட்டையின் ஓரம் பல் பல்லாகக் கசிந்திருக்கிறது. டேப் மட்டமா, பெயிண்ட் மட்டமா? (தேவகோட்டை)

ப: எந்த டேப், எவ்வளவு நேரம் உலர்ந்தது என்று ஒரு வரிகூட எழுதாமல் பழியை மட்டும் டேப்மீதும் பெயிண்ட்மீதும் போடுகிறீர்கள். காரணம் பெரும்பாலும் அவசரமே. வெள்ளை அக்ரிலிக் என்றால் ஒரு நாள், எனாமல் என்றால் இரண்டு மூன்று நாள் உலர வேண்டும். மூக்கருகே வைத்து முகர்ந்தால் தின்னர் வாடை துளியும் வரக்கூடாது. மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் ஓரத்தை நறுக்கியபின் எஞ்சினில் ஒட்டுங்கள். கதவு விளிம்பிலும் காற்றுத் துவாரங்களிலும் பல்குச்சியால் அழுத்துங்கள். அடுத்ததுதான் எல்லோரும் தாண்டிவிடும் படி: டேப்பின் ஓரத்தில் அதே வெள்ளையை மெல்லியதாக ஒருமுறை அடித்து உலரவிட்டால், இடுக்குகளை வெள்ளையே அடைத்துக்கொள்ளும், சிவப்பு உள்ளே நுழையாது. சிவப்பையும், நம் ஊர்ச் சுண்ணாம்புச் சுவர்ப் பூச்சைப் போல, மெல்லிய அடுக்குகளாகவே ஏற்ற வேண்டும். 1:87 அளவில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) 0.1 மி.மீ. மேடு என்பது நிஜ எஞ்சினில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். அத்தனை தடிமனாகவா ரயில்வேயில் பெயிண்ட் அடிக்கிறார்கள்? சிவப்பு முற்றிலும் இறுகுமுன், டேப்பை அதன்மீதே மடக்கி மெதுவாக உரியுங்கள்.

கே: எனாமல்மேல் லாக்கர் (காட்டமான தின்னரில் கரைத்த, சீக்கிரம் உலரும் பெயிண்ட்) ஸ்ப்ரே அடிக்கலாமா?

ப: கூடாது. லாக்கரின் தின்னர் கீழ்ப்பூச்சைக் கரைத்துச் சுருங்க வைத்துவிடும்.

கே: ஐப்பசி மழையில் ஸ்ப்ரே அடித்தேன், சிவப்பின்மேல் வெண்படலம் பூத்துவிட்டது. (பள்ளத்தூர்)

ப: தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்துவிடுகிறது. மழை விட்டு வெயில் ஏறிய முற்பகலில், முகக்கவசம் அணிந்து அடியுங்கள்.

கே: அடித்த மாடலை வளவில் (வீட்டின் நடுமுற்றத்தில்) காயவைக்கலாமா? (கானாடுகாத்தான்)

ப: திறந்த வானத்தின்கீழ் தூசியும் சருகும் ஈரப் பெயிண்டில் ஒட்டும். அறைக்குள், கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், முழுதாக உலரும்வரை தொடாதீர்கள்.

கே: எண் டீகாலை (எஞ்சின் எண் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படலம்) எப்போது ஒட்டுவது?

ப: இரு நிறமும் உலர்ந்து, பளபளப்பு வார்னிஷ் அடித்த பிறகு. சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல மின்னும்.